ஆணியில் தொங்கிய டம்ளர்

அத்தியாயம் 14

போன வாரம் என் மனைவி நாகஜோதி ஒரு பெயரைப் படித்துவிட்டு, ஃபிளாஸ்க்கில் ஊற்ற வேண்டிய காபியை அடுப்படி மேடையில் ஊற்றிக்கொண்டு நின்றாள். அவளுடைய போனில் வந்திருந்த புது நோயாளியின் பெயர் அது. தனுஷ்கோடி, வத்தல் மண்டி, திருச்சுழி.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் சதீஸ்குமார். அருப்புக்கோட்டையில் ஒரு டிரஸ்ட்டின் வேனை ஓட்டுகிறேன். புற்றுநோய் முற்றிப்போய், 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிட்டவர்களைத் தேடிப் போகும் வேன். வலிக்கு மருந்து கொடுப்போம், புண்ணைக் கழுவுவோம். ஜோதி அதில் நர்ஸ், நான் டிரைவர். வீட்டிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். எங்கே திரும்ப வேண்டும் என்று அவள் சொல்வாள்.

தனுஷ்கோடி என்ற பெயரை எங்கள் குடும்பத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை. ராமேஸ்வரம் போய்விட்டு வந்தபோதுகூட என் மாமியார் 'அந்தக் கடைசி ஊரு' என்றுதான் சொன்னார்.

அப்படிப்பட்ட மாமியாரிடம் நான் போனில் உளறியிருக்கக் கூடாது. என் வாய் எங்கள் வேனின் பின்கதவு மாதிரி. பூட்டித்தான் வைப்பேன், சின்னப் பள்ளம் வந்தால் தானாகத் திறந்துகொள்ளும்.

மறுநாள் காலையில் பரளச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் மாமியார் மாரிக்கனி வந்து இறங்கிவிட்டார். கையில் ஒரு மஞ்சப்பை.

"டீ போடட்டுமா அத்தை?"

"வேணாம் மாப்ள. வேன் எப்பக் கிளம்புது?"

"நீங்க எங்க போகணும்?"

"திருச்சுழிக்கு. கோயிலுக்கு."

"இன்னிக்குக் கோயில்ல என்ன விசேஷம்?"

"கோயில்ல ஒண்ணுமில்ல. எனக்குத்தான் விசேஷம்."

பையிலிருந்து ஒரு அலுமினிய டம்ளரை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். நசுங்கிய டம்ளர். விளிம்புக்குச் சற்றுக் கீழே ஆணி அடித்துப் போட்ட ஓட்டை. அதில் இன்னும் துருப்பிடித்த கம்பி ஒன்று கோத்திருந்தது.

இந்த டம்ளரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றுதான்.

என் மாமனார் நல்லகண்ணு, தனுஷ்கோடியின் மண்டியில் மூட்டை தூக்கியவர். வத்தல், மல்லி, பருத்தி என்று எது வந்தாலும் அவர் முதுகில்தான் ஏறி இறங்கும். ஒரு வருசம் கன்னத்துக்குள் புண் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் புற்று என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் வேலைக்குப் போனபோது, மண்டிக்கு வெளியே சுவரில் ஒரு ஆணியும், அதில் கம்பி கோத்த இந்த டம்ளரும் தொங்கிக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரர் டீயைக் கை தூக்கி அதில் ஊற்றுவார். விளிம்பில் ஓட்டை இருப்பதால் முழுசாக ஊற்ற முடியாது. அண்ணாந்து குடித்தால் சட்டை நனையும். சோறு கொண்டுபோன பள்ளிக்கூடத்துப் பெண் ஜோதி, தன் அப்பா கம்பியைக் கழற்றி டம்ளரை எடுப்பதைத் தெருவில் நின்று பார்த்திருக்கிறாள்.

பிறகு 'சரக்குல ஒட்டிக்கிடும்' என்று சொல்லி, டம்ளரையும் கையில் கொடுத்து மண்டியை விட்டே நிறுத்தினார் தனுஷ்கோடி. முதலாளியே சொன்ன பிறகு ஊர் சும்மா இருக்குமா. பரளச்சியில் அந்த வீட்டு வாசலைத் தாண்டுகிறவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வலிக்கு மருந்து இருக்கிறது என்று சொல்லக்கூட யாரும் படியேறவில்லை. நல்லகண்ணு துண்டைக் கடித்துக்கொண்டே செத்துப்போனார்.

"முன்ன எங்காளுக எல்லாருக்கும் தனி டம்ளரு வச்சிருந்தாக," என்றார் மாமியார். "அதையெல்லாம் கேட்டு நிப்பாட்டியாச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். கடைசியில என் புருசனுக்கு மட்டும் ஒண்ணு வாங்கி ஆணியில மாட்டுனான்."

ஜோதி யூனிஃபார்மில் வெளியே வந்தாள். டம்ளரைப் பார்த்தாள்.

"இதுல அவனுக்குத் தண்ணி குடு," என்றார் மாமியார். "யாரு டம்ளருன்னு சொல்லிக் குடு. வேற ஒண்ணும் உன்கிட்ட கேக்கல."

ஜோதி மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று நான் சொன்னாலே அரைமணி நேரம் மறுத்துப் பேசுகிறவள். அன்று டம்ளரை எடுத்தாள். மருந்துப் பையில் கையுறைகளுக்கும் பிரஷர் பார்க்கும் கருவிக்கும் நடுவில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

எங்கள் டாக்டர் சுகந்தி முதல் நாளே கேட்டிருந்தார், "ஜோதி, உனக்குச் சங்கடமா இருந்தா வேற சிஸ்டரை அனுப்பவா?" என்று. "வேணாம் மேடம், நானே போறேன்," என்று சொல்லிவிட்டாள்.

வேன் ராமலிங்கா மில் பக்கத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு கருவேலமும் கரிசலும்தான். பேச்சுக்குப் பொருள் வெளியிலிருந்து கிடைக்காத ரோடு.

"ஜோதி, அங்க போய் என்ன செய்யப் போறே?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"அப்பாடா."

"ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதும் மச்சான். வலியில கிடக்கிற ஆளை அதைவிட வேற என்ன செய்யணும்?"

வேனைப் பள்ளத்தில் இறக்கினேன். பார்த்துத்தான் இறக்கினேன். குலுங்கினால் பேச்சு மாறும் என்று ஒரு நம்பிக்கை. பின் சீட்டில் மாமியார் மெதுவாகச் சிரிப்பது கேட்டது.

எனக்கு அவளைத் தெரியும். இந்த வேலையில் அவளைப் போட்டு அரைப்பது நோய் இல்லை, நோயாளியின் வீட்டுக்காரர்கள்தான். "குடல் புண்ணுன்னு சொல்லிருக்கோம் சிஸ்டர், நீங்களும் அப்படியே சொல்லிருங்க" என்பார்கள். அந்தப் பக்கம் நோயாளி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னம்மா, நெசத்தைச் சொல்லு" என்பார். அவள் "குடல் புண்ணுதான்" என்பாள். பிறகு வேனில் வந்து உட்கார்ந்து, கழுவிய கையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டே வருவாள். வீட்டில் சாப்பாடு இறங்காது. பொய் சொன்னவள் அவள், பட்டினி இருவருக்கும். அவள் சாப்பிடாமல் நான் மட்டும் சாப்பிட்டால் நன்றாகவா இருக்கும்? கொஞ்சம்தான் சாப்பிடுவேன்.

அன்று அவள் கையைத் துடைக்கவில்லை. பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள்.

திருச்சுழியில் மண்டித் தெரு முனையிலேயே ஒருவர் கையைக் காட்டி வேனை நிறுத்தினார். பட்டு வேட்டி, புதுச் சட்டை. தனுஷ்கோடியின் மகன் ஆனந்தகுமார்.

"டிரைவர், வீட்டு முன்னாடி நிறுத்தாதீங்க. இந்தச் சந்துக்குள்ள போட்டுருங்க."

எங்கள் வேனின் இரண்டு பக்கமும் 'புற்றுநோய் வலி தணிப்பு ஊர்தி' என்று சிவப்பில் எழுதி, ஒரு தாமரையும் வரைந்திருக்கும். அதைப் பார்த்து அவருக்கு வேர்த்தது.

"சிஸ்டர், இன்னிக்கு என் மகளைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. அருப்புக்கோட்டையில பெரிய இரும்புக்கடை. வீட்டுல இந்த நோய் இருக்குன்னு தெரிஞ்சா வாசலோட திரும்பிருவாங்க."

"சொல்லுங்க சார்."

"அப்பா அரைமணி நேரம் ஹால்ல உக்காந்து நாலு வார்த்தை பேசணும். ஆஸ்பத்திரியில குடுத்த வலி மாத்திரையைப் போட்டா அசந்து தூங்கிர்றாக. அதான் நேத்தே நிப்பாட்டிட்டோம். தூக்கம் வராம வலியை மட்டும் நிறுத்துற ஊசி ஏதாவது இருந்தா..."

"அப்படி எங்ககிட்ட இல்ல சார்."

"அப்ப அவங்க போற வரைக்கும் எதுவும் குடுக்காதீங்க. கூட இருந்து பாத்துக்கிட்டா போதும். அப்பாவுக்கும் என்ன நோய்னு தெரியாது. குடல் புண்ணுன்னு சொல்லியிருக்கோம்."

"சரி சார்," என்றாள் ஜோதி.

இவ்வளவு லேசாக அவள் 'சரி' சொல்லி நான் கேட்டதில்லை. என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டபோது ஒரு தைப்பொங்கலிலிருந்து அடுத்த தைப்பொங்கல் வரை யோசித்தவள்.

மண்டியிலிருந்து ஒரு தார்ப்பாய் வந்தது. வத்தல் மூட்டைக்குப் போர்த்தியிருந்த தார்ப்பாய். அதை வேன்மேல் இழுத்துப் போடுவதற்குள் எனக்குத் தும்மலில் உயிர் போய்வந்தது.

"அத்தை, இறங்கிருங்க. உள்ள வெக்கையில வெந்துருவீங்க."

"நான் இறங்க மாட்டேன். மூடுங்க மாப்ள. எங்க வீட்டு ஆளுகளை இவுக மறைச்சு வைக்கிறது புதுசா?"

மூடினேன்.

கீழே ஹாலில் மல்லிகைச் சரமும் இனிப்புத் தட்டும் தயாராக இருந்தன. மணப்பெண் ரோஷினி பட்டுச்சேலையில் கைகாலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்று, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "தாத்தா எப்படி இருக்காக சிஸ்டர்? என்னை மேல விடவே மாட்டேங்குறாக," என்றாள். ஜோதி மாடிப்படியைப் பார்த்து நடந்தாள்.

மருமகள் ராமலட்சுமி எங்களை மாடிக்குக் கூட்டிப்போனார். மொட்டை மாடியில் தனியாக ஒரு அறை. அதன் வெளிச்சுவரில் ஒரு ஆணி. அதில் நூல் கட்டிய ஒரு எவர்சில்வர் டம்ளர். கீழே சிவப்புப் பெயின்ட் தடவிய தட்டு.

ஜோதி நின்றுவிட்டாள். "இது என்னங்க?"

"மாமாவுக்குத் தனியா வச்சிருக்கேன் சிஸ்டர். வயசுப் பிள்ளை இருக்கிற வீடு. இந்த நோய் எச்சில்ல ஒட்டும்ல?"

"யாரு சொன்னா?"

"மாமாதான் சொல்லிருக்காக, முன்ன. மண்டியில யாரோ ஒரு ஆளுக்கு வந்துச்சாம். அப்ப இப்படித்தான் தனியா மாட்டி வச்சாகளாம்."

யாரோ ஒரு ஆள். நான் ஜோதியின் முகத்தைப் பார்க்கவில்லை, பையின் வாரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். வாரை இரண்டு சுற்று கையில் சுற்றியிருந்தாள். அந்த டம்ளரைப் பார்த்ததும் என் மண்டையிலும் ஏதோ இடித்தது. ஆனால் என் மண்டையில் இடிப்பது ஒரு நாள், உறைப்பது வேறொரு நாள்.

அறைக்குள் தனுஷ்கோடி கட்டிலில் சுருண்டு கிடந்தார். கணையத்தில் வந்த கட்டி முதுகுவரை பிடித்துவிட்டது. ஒரு காலத்தில் இவரைப் பார்த்தால் திருச்சுழி பஜாரே எழுந்து நிற்கும். இப்போது போர்வைக்கு அடியில் ஒரு பிள்ளை படுத்திருப்பது போல இருந்தார். போர்வையின் முனையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

ராமலட்சுமி போன பிறகு ஜோதி ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். நாடி பார்க்கவில்லை. பையைத் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பழி என்றால் அரிவாளோடு வரும் என்று நினைத்திருந்தேன். அது வெள்ளை யூனிஃபார்மில் ஸ்டூல் போட்டு உட்காரும் என்று எனக்குத் தெரியாது. உள்ளதைச் சொன்னால், முதலில் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. மாமனார் கடித்த துண்டுக்குப் பதில் இந்தப் போர்வை. கடிக்கட்டும் என்றுதான் நானும் கதவோரம் நின்றேன். ஆனால் எனக்கு எதையும் நீளமாகச் செய்ய வராது, கோபத்தையும் சேர்த்து. அவர் இரண்டாம் முறை முனகியபோதே முகத்தை மொட்டை மாடிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஜோதிக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து பையைத் திறந்தாள். அலுமினிய டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"அண்ணாச்சி, இதைப் பாருங்க. யாரு டம்ளரு இது?"

கண் திறந்தது. டம்ளரைத் தாண்டி, அவளைத் தாண்டி, சுவரைத் தாண்டி எங்கேயோ பார்த்தது.

"யாரு டம்ளருன்னு தெரியுதா?"

"அம்மா..." என்றார் அவர்.

ஜோதி மறுபடி கேட்டாள். அவர் மறுபடி அம்மாவைத்தான் கூப்பிட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கதவருகே என்னிடம் வந்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். வந்தது கோபம்.

"இந்த ஆளு இங்க இல்ல மச்சான்."

"கட்டில்லதானே கிடக்காரு?"

"வலி கிடக்கு. ஆளு இல்ல. எத்தனை வருசமாச் சேத்து வச்சிருக்கேன். அதைப் போய் இந்த வலிக்கிட்டயா சொல்ல?" மூச்சு வாங்கினாள். "முதல்ல இந்த ஆளை வெளிய கொண்டாரணும்."

போனை எடுத்து டாக்டர் சுகந்தியைக் கூப்பிட்டாள். நேற்றிலிருந்து மாத்திரை நிறுத்தப்பட்டதைச் சொன்னாள். அந்தப் பக்கம் டாக்டர் திட்டியது எனக்கே கேட்டது. "உடனே குடு ஜோதி. யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு."

மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே ஆனந்தகுமார் மேலே வந்துவிட்டார். மாடிப்படி ஏறிய இளைப்பில் சத்தம் குறைவாகத்தான் வந்தது.

"சிஸ்டர், நான் என்ன சொன்னேன்?"

"அய்யா வலியில துடிக்காக சார்."

"ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா? என் பொண்ணு வாழ்க்கைங்க இது."

"முடியாது சார்."

"நாங்க வேணாம்னு சொன்னா நீங்க குடுக்கக் கூடாது. வெளிய போங்க."

"சரி, போறேன்." மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே ஜோதி சொன்னாள். "கீழ ஹால்ல போய் உக்காந்துக்கிறேன். இந்த யூனிஃபார்மோட. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்த ஆஸ்பத்திரி, யாருக்குப் பாக்க வந்தீகன்னு கேப்பாக. நான் பொய் சொல்லி அலுத்துப்போனவ சார்."

ஆனந்தகுமார் என்னைப் பார்த்தார். ஏதாவது செய்யுங்கள் என்கிற பார்வை. நான் தும்மினேன். அந்த நேரத்தில் என்னால் முடிந்தது அதுதான்.

கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கி ஓடினார்.

ஜோதி கிழவரின் தலையைத் தூக்கி, மாத்திரையை நாக்கில் வைத்து, அலுமினிய டம்ளரால் தண்ணீர் கொடுத்தாள். ஓட்டை வழியே ஒழுகித் தாடையில் வழிந்ததைப் பஞ்சால் துடைத்தாள். எல்லா வீட்டிலும் துடைப்பது போலவே துடைத்தாள். கைக்குப் பழக்கம் போலிருக்கிறது, மனசைக் கேட்கவில்லை.

பிறகு காத்திருந்தோம். கீழே சிரிப்பும் தட்டு வைக்கும் சத்தமும் கேட்டன. மெல்ல மெல்லப் போர்வை முனை வாயிலிருந்து விழுந்தது. கால்கள் நீண்டன. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விலகி, ஒரு மனிதர் அதற்குள்ளிருந்து வெளியே வந்தார்.

"தண்ணி," என்றார்.

ஜோதி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். இரண்டு மடக்கு குடித்தவர் நின்றுவிட்டார். சுண்டுவிரலால் விளிம்பைத் தடவி, ஓட்டையில் வைத்துப் பார்த்தார்.

"இது நான் ஆணி அடிச்சுப் போட்ட ஓட்டை," என்றார். பிறகு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "நீ நல்லகண்ணு மகளா?"

"ஆமா."

"நெத்தி அப்படியே அவன்தான்."

"உங்களுக்கு வந்திருக்கிறது குடல் புண்ணு இல்ல," என்றாள் ஜோதி. வருசக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்த வார்த்தை அது. "எங்கப்பாவுக்கு வந்த அதே..."

அவர் கையைத் தூக்கினார். "ஆணியில டம்ளரு ஏறுன அன்னிக்கே தெரியும் தாயி. பெத்த மகன் குடல் புண்ணுன்னு சொல்றான், மருமக தனி டம்ளரு மாட்டுறா. அந்த டம்ளரு எந்த நோய்க்குன்னு இந்த ஊருல சட்டம் போட்டதே நான்தானே? எனக்கா தெரியாது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்கே தெரியாமல் மறைத்தவர்கள், சேதியை அவர் அறை வாசலிலேயே நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஜோதிக்குக் கை வெறுமையாகிவிட்டது. தூக்கிவந்த கல்லை எறிவதற்குள் எதிராளி தானே தலையில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது.

"உங்கப்பன் என்னை விடல தாயி," என்றார் தனுஷ்கோடி. குரலில் வருத்தம்கூட இல்லை, சரக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. "கரண்டு இல்லாத ஒரு மத்தியானம், தாகத்துல கைக்கு அகப்பட்டதை எடுத்துக் குடிச்சிட்டேன். குடிச்ச பிறகுதான் பாக்கேன், அவன் டம்ளரு. உப்பு போட்டு, மஞ்சள் போட்டு வாயைக் கழுவுனேன். போகல. உள்ள கிடந்து இப்ப எந்திரிச்சிருச்சு. நல்லகண்ணு பழி வாங்கிட்டான்."

நானாக இருந்தால் அங்கேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். மாமனாரின் ஆவி சம்பளம் இல்லாமல் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது நாம் எதற்குக் குறுக்கே போக வேண்டும். அந்தப் பயத்திலேயே கிடந்து சாகட்டும் என்று விடுவதைவிட இனிப்பான பழி கிடைக்குமா. ஜோதியும் அதைத்தான் யோசித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டே இழுத்தாள்.

"ஒட்டாது," என்றாள்.

"என்ன?"

"இந்த நோய் டம்ளர்ல ஒட்டாது. எச்சில்ல ஒட்டாது, சரக்குல ஒட்டாது, பக்கத்துல படுத்தாலும் ஒட்டாது. எங்கப்பாகிட்ட இருந்து உங்களுக்கு வரல. உங்ககிட்ட இருந்து உங்க பேத்திக்கும் போகாது."

எல்லா வீட்டிலும் சொல்கிற பாடம்தான். பெரியவர் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். நம் ஊரில் யாரும் செய்யாத மாதிரி, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், அவர் வாய் வைத்த விளிம்பிலேயே வாய் வைத்து மிச்சத் தண்ணீரைக் குடித்தாள். டம்ளரை அவர் மடியில் வைத்தாள்.

அவர் உதடு அசைந்தது. "அப்ப, நல்லகண்ணுக்கு நான் மாட்டி வச்ச டம்ளரு..."

"சும்மா மாட்டி வச்சீக."

"மண்டியை விட்டு நிப்பாட்டுனது..."

"அதுவும் சும்மாத்தான்."

ஜோதி ஊசி போட்டால் குழந்தைகூட அழாது என்று டிரஸ்ட்டில் சொல்வார்கள். இந்த ஊசியை அவள் வலிக்காமல் போட முயலவே இல்லை. இதற்கு எந்த மாத்திரையும் அவள் பையில் கிடையாது.

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த ஓட்டையையே பார்த்தார்.

ராமலட்சுமி கதவருகே வந்து, "மாமா, அவுகள்லாம் வந்தாச்சு. கேக்காக," என்றார்.

"வாரேன்."

சட்டை மாற்றிவிட்டார்கள். விபூதி பூசிவிட்டார்கள். டம்ளரை மட்டும் அவர் கையிலிருந்து வாங்க முடியவில்லை. அவரைத் தாங்கிப் பிடித்து நான்தான் கீழே இறக்கினேன். என்னைச் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொள்ள ஆனந்தகுமாருக்கு வாய் வரவில்லை. 'தெரிஞ்ச பையன்' என்றார். ஜோதி படிக்கட்டின் திருப்பத்திலேயே நின்றுகொண்டாள்.

சோபாவில் உட்கார்ந்து தனுஷ்கோடி அழகாகப் பேசினார். மழையைப் பற்றி, மல்லி விலையைப் பற்றி, மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அப்பா தனக்குப் பழக்கம் என்பதைப் பற்றி. தூங்கி வழியவில்லை. வலிக்குச் சரியாகக் கொடுத்தால் அந்த மருந்து ஆளை மூழ்கடிக்காது என்று ஜோதி ஊர் ஊராகச் சொல்வது எனக்கே அன்றுதான் புரிந்தது. ஆனந்தகுமாரின் முகத்தில் ரத்தம் திரும்ப ஆரம்பித்தது.

ராமலட்சுமி காபித் தட்டோடு வந்து, மாமனார் கையைப் பார்த்துத் திகைத்தார். "மாமா, அந்த டம்ளரைக் குடுங்க. வேற தாரேன்."

"இருக்கட்டும்."

அப்போது வாசலில் யாரோ தும்மினார்கள்.

வத்தல் தூசியில் கண் சிவந்து, சேலை வேர்வையில் ஒட்டி, தார்ப்பாயின் கோடுகள் கன்னத்தில் பதிந்து என் மாமியார் நின்றார். வேன் தார்ப்பாயைக் கழற்றிவிட்டே வந்திருக்கிறார் என்பது பிற்பாடு தெரிந்தது. தெரு முழுக்க எங்கள் தாமரையைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

"யாரு அண்ணாச்சி இது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

மாமியார் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எங்க டம்ளரை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார்.

ஹாலில் எல்லோருடைய கண்ணும் அந்த ஓட்டை டம்ளருக்குப் போனது. இதற்காகத்தான் அவர் வேனுக்குள் வெந்துகொண்டு காத்திருந்தார் என்று அப்போது புரிந்தது. நல்லகண்ணுவைத் தெருவில் வைத்து அவமானப்படுத்தியவரை ஹாலில் வைத்துத் தீர்ப்பது என்று, தெரு முனையில் ஆனந்தகுமார் பேசியதைக் கேட்டபோதே முடிவு செய்திருக்கிறார்.

தனுஷ்கோடி நிமிர்ந்து பார்த்தார். "தர முடியாது மாரிக்கனி. இப்ப இது எனக்கு வேணும்."

மாமியார் எதற்கெல்லாமோ தயாராக வந்திருந்தார், இதற்கு வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தாத்தா," என்றாள் ரோஷினி. இவ்வளவு பேர் நடுவில் பேசக்கூடாது என்பது மறந்துபோயிருந்தது. "அது ஏன் ஓட்டையா இருக்கு?"

"அப்பா, வேணாம்," என்றார் ஆனந்தகுமார்.

நான் படிக்கட்டைப் பார்த்தேன். ஜோதி இரண்டு படி இறங்கி வந்திருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது தனுஷ்கோடியை அல்ல, அந்தப் பெண்ணை. சோறு கொண்டுபோய்த் தெருவில் நின்றபோது அவள் இந்தப் பெண்ணைவிடக் கொஞ்சம்தான் சின்னவள். நிறுத்தச் சொல்லப் போகிறாளோ என்று நினைத்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே நின்றாள்.

தனுஷ்கோடி சோபாவில் தனக்குப் பக்கத்து இடத்தைத் தட்டினார். அறை வாசலைக்கூட மிதிக்க விடாமல் வீட்டார் தள்ளி வைத்திருந்த பேத்தியை, "இங்க வந்து தாத்தாவை ஒட்டி உக்காரு தாயி, சொல்றேன்," என்றார். ரோஷினி போய் உட்கார்ந்தாள். அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"நம்ம மண்டியில நல்லகண்ணுன்னு ஒரு ஆளு மூட்டை தூக்குனான்," என்று ஆரம்பித்தார்.

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார்.